ஹிப்பிகளும் ஆறு மணிப் பூட்டும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி துறையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. அவளுக்கு இனிமேல் பதவி உயர்வும் கிடையாது, மெமோவும் கிடையாது. வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடம் எப்படி நடத்துவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குத்தான் புத்தாக்கப் பயிற்சி என்று ஒன்று வைத்து, ஏசி அறையில் உங்களைத் தூங்கவிட்டு, கடைசியில் சான்றிதழும் கொடுக்கிறார்களே. நீங்கள் நடத்திய பாடம் வகுப்பறையை விட்டு எழுந்து வெளியே நடந்து போய்விட்டால் என்ன செய்வது? அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எனக்கு அப்படி நடந்தது. அதற்குக் காரணம் அமெரிக்க ஹிப்பிகள்.

சிரிக்காதீர்கள். காரைக்காலில் ஹிப்பிக்கு என்ன வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நான் வேலை பார்த்தது ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம், இன்னமும் அந்த வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போகிறேன். பி.ஏ. வரலாற்றில் அமெரிக்க வரலாறு என்று ஒரு தாள் உண்டு. கொலம்பஸ் கப்பல் ஏறுவதில் ஆரம்பித்து மூச்சு வாங்க ஓடி வந்தால் கடைசி அலகில் ‘எதிர்ப் பண்பாடு’ என்று ஒன்று நிற்கும். அதற்குள் பருவத் தேர்வு வந்துவிடும். அந்த அலகை யாரும் நடத்துவதில்லை. நடத்தாவிட்டால் குறையில்லை, வினாத்தாளில் அதற்கு மாற்றுக் கேள்வி இருக்கும், கடைத்தெருவில் கைடும் இருக்கும்.

அந்தக் கைடை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஹிப்பி இயக்கம்: காரணங்கள், போக்கு, விளைவுகள், நிறைகள், குறைகள். பானிப்பட் போருக்கும் இதே தலைப்புகள்தான். ஒழுங்கே வேண்டாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிய கூட்டத்தை நம் ஆட்கள் பிடித்து, குளிப்பாட்டி, தலை சீவி, அடிக்கோடு போட்டு வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். குறைகள் பகுதியில் ‘முடி வெட்டிக்கொள்ளவில்லை’, ‘பெற்றோர் சொல் கேட்கவில்லை’ என்று போட்டிருக்கும். நிறைகளில் ‘பூக்களை நேசித்தனர்’ என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் எழுதியவருக்குத் தோன்றவில்லை, பாவம்.

நானும் பல வருஷம் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. கடற்கரை ஊரில் கரண்ட் இல்லாத மத்தியானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி பெஞ்சில் ஒருத்தன் என் குரலைத் தாலாட்டாக எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கைடை மூடி மேசையில் போட்டேன். சரி, கதையாகவே சொல்லுவோம் என்று ஆரம்பித்தேன்.

வியட்நாம் சண்டைக்கு வரமாட்டேன் என்று பையன்கள் மறுத்ததைச் சொன்னேன். கறுப்பினத்து மாணவர்கள், தங்களுக்குச் சாப்பாடு போட மறுத்த கடைகளில் போய், அடித்தாலும் திட்டினாலும் பேசாமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் அப்பாவின் காரையும் வீட்டையும் வேண்டாம் என்று உதறிவிட்டு, வேனில் பூ வரைந்து கிளம்பியதைச் சொன்னேன். அவர்களில் பாதிப் பேர் அப்புறம் முடி வெட்டிக்கொண்டு அப்பாவின் கம்பெனிக்கே போய்விட்டார்கள் என்பதையும் சொன்னேன். திரும்பிப் போவதற்கு வீடு இருந்தால் வீட்டை விட்டு ஓடுவது சுலபம்தானே.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னேன். அந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரிகளில் விடுதிப் பெண்கள் ராத்திரி பத்து மணிக்கெல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும். வெளியே போகும்போது எங்கே, யாருடன் என்று எழுதி வைக்க வேண்டும். பையன்களுக்கு எதுவும் கிடையாது. ‘கல்லூரிதான் இந்தப் பெண்களுக்கு அப்பா அம்மா ஸ்தானம்’ என்று நிர்வாகம் சொன்னது. பெண்கள் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் அந்த விதி ஒவ்வொரு கல்லூரியாகக் கழன்று விழுந்தது.

தூங்கினவன்கூட எழுந்துவிட்டான். முன் பெஞ்சில் இருந்த பவானி மெதுவாகக் கேட்டாள்: “மேம், பத்து மணியா?”

“ஆமா.”

“பத்து மணி பத்தாதுன்னா சண்டை போட்டாங்க?”

“ஆமாங்கிறேன்.”

அவள் திரும்பித் தன் விடுதித் தோழிகளைப் பார்த்தாள். “அடிப்பாவிங்களா! எங்க கேட் ஆறு மணிக்கே பூட்டிடுறாங்க மேம்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு கோட்டுச்சேரி பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

பவானி யார் என்று சொல்லிவிடுகிறேன். வேதாரண்யம் பக்கத்து கிராமம். அப்பா இல்லை. அம்மா உப்பளத்து வேலைக்குப் போகிறவள். அம்மாவின் தம்பிதான் வீட்டுக்குப் பெரிய மனுஷன், தாய்மாமன். அவருக்கே இவளைக் கட்டிக்கொடுப்பதாக ஊரில் பேச்சு. “டிகிரி முடிக்கட்டும்” என்று அம்மா அழுது மன்றாடி விடுதியில் சேர்த்திருந்தாள். மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கல்லூரியிலிருந்து ஒரு புகார் வந்தாலும் போதும், அன்றைக்கே பெட்டியைக் கட்டி அழைத்துப் போய்விடுவார், அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். இது விடுதிப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஆறு மணிப் பூட்டு அவளுக்கு ஏன் உறுத்தியது என்றால், அந்த வருஷம் கல்லூரி மண்டபத்தில் வங்கித் தேர்வுக்கு மாலைப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். ஆறரையிலிருந்து எட்டு மணி வரை. ஊர்ப் பையன்கள், பையன்கள் விடுதி, ஊர்ப் பெண்கள்கூட அண்ணன் தம்பியோடு வந்துவிடுவார்கள். பெண்கள் விடுதி மண்டபத்துக்கு அடுத்த கட்டடம். கேட் பூட்டியிருக்கும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் மைக்கில் வாத்தியார் பேசுவது நன்றாகக் கேட்கும். “போர்டுல பாருங்க, இதுதான் முக்கியம்” என்பார். இந்தப் பிள்ளைகள் எந்தப் போர்டைப் பார்க்கும்? சுவரைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாதம் எங்கள் துறைப் பேரவைத் தொடக்க விழா. விழா என்றால் பட்டிமன்றம். வேறு எதுவும் வைத்தால் கூட்டம் வராது. பிள்ளைகளே தலைப்புக் கொண்டுவந்தார்கள்: ‘ஹிப்பிகளால் சமுதாயத்துக்கு விளைந்தது நன்மையா, தீமையா’. சுதந்திரம் கேட்டுத் தெருவுக்கு வந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, சோடா வைத்து, நடுவர் போட்டுத் தீர்ப்புச் சொல்வது உலகத்தில் நம்மைத் தவிர வேறு யாருக்குத் தோன்றும்? எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

நடுவர் எங்கள் முதல்வர். தமிழ்ப் பேராசிரியராக இருந்து முதல்வரானவர். திருவிழாக் காலத்தில் அவரைக் கல்லூரியில் பார்ப்பதைவிட கோயில் மேடையில் பார்ப்பது சுலபம். பட்டிமன்ற நடுவர் என்றால் அவருக்கு அப்படி ஒரு உயிர். அவர் தீர்ப்புச் சொல்லும் முறையை நான் பல வருஷம் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் கைத்தட்டல் அதிகமோ, அந்தப் பக்கம் தீர்ப்பு. தோற்ற பக்கத்துக்கு “ஆனாலும்” என்று ஒரு ஆறுதல். மற்றபடி அவர் நல்ல மனுஷர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். மைக் கையில் இல்லாதபோது பயந்த சுபாவம்.

தீமை அணியில் ரியாஸ் என்று ஒரு பையன். நல்ல வாய். “நடுவர் அவர்களே, ஹிப்பி குளிக்க மாட்டான்! குளிக்காதவனால என்ன நன்மை? பக்கத்துல நிக்கிறவனுக்குத் தீமை!” என்றான். மண்டபம் அதிர்ந்தது. நன்மை அணிப் பெண் எழுந்து, “எங்க எதிரணிக்காரர் ஹாஸ்டல்ல வாரத்துக்கு எத்தனை தடவை குளிக்கிறாருன்னு நடுவர் விசாரிக்கணும்” என்றாள். அதற்கும் அதிர்ந்தது. முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கடைசியாகப் பவானி எழுந்தாள். அமெரிக்க விடுதிகளில் பத்து மணி விதி போன கதையைச் சொன்னாள். ரியாஸ் குறுக்கே எழுந்தான். விவரமான பையன்தான். “நடுவர் அவர்களே, அது ஹிப்பிங்க பண்ணது இல்ல. அது மாணவர் போராட்டம். ஒழுங்கா டிரஸ் பண்ணிக்கிட்டு, ஒழுங்கா படிச்ச புள்ளைங்க பண்ணது. கணக்குல சேக்கக் கூடாது!”

பவானி, “மழை பெய்யும்போது எந்தத் துளி எந்த மேகத்துலேர்ந்து வந்துச்சுன்னு எதிரணி விசாரிச்சுக்கிட்டு நிக்கட்டும், நாங்க நனைஞ்சுக்கிறோம்” என்றாள். கைத்தட்டல் ஓய்ந்ததும் அவள் குரல் மாறிவிட்டது. மேடைக் குரல் போய் வீட்டுக் குரல் வந்துவிட்டது.

“அந்தப் பொண்ணுங்க என்ன கேட்டாங்க? காலேஜ் எங்களுக்குப் பாடம் சொல்லித் தரட்டும், அப்பாவா இருக்க வேணாம்னு கேட்டாங்க. நானும் அதான் சொல்றேன். எங்கப்பா செத்துட்டாருங்க. அந்த எடம் காலியா இருக்கு. அது காலியாவே இருக்கட்டும். அதுல யாரும் வந்து உக்கார வேணாம்.”

கை தட்டினார்கள் பாருங்கள், நிற்கவே இல்லை. அழுதேன் என்றே சொல்லலாம். இதைச் சொல்வதில் எனக்கு என்ன வெட்கம்?

முதல்வர் எழுந்தார். கைத்தட்டல் எந்தப் பக்கம் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. மைக்கைப் பிடித்து, குரலை உயர்த்தி, கண் கலங்க முழங்கினார்: “அன்பார்ந்த பெரியோர்களே! கல்விச் சாலைக்குக் கதவு இருக்கலாம், பூட்டு இருக்கலாமா? கற்க வருபவளை ஆறு மணி என்றும் எட்டு மணி என்றும் நிறுத்தி வைக்கலாமா? அந்தப் பூட்டை உடைத்தெறிந்த ஹிப்பிகளால் சமுதாயத்துக்கு விளைந்தது நன்மையே! நன்மையே! நன்மையே! இதுவே என் தீர்ப்பு!”

ஆஹா என்று இருந்தது. பொன்னாடை போர்த்தினோம். தேசிய கீதம். கலைந்தோம்.

நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். கோட்டுச்சேரி பஸ் வந்து, முன் படிக்கட்டில் ஒரு காலும் வைத்துவிட்டேன். போன் அடித்தது. விடுதி வார்டன்.

அவரை எல்லாரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாயாக இருந்தவர். பிள்ளைகள் எல்லாரும் பாரிஸில் இருக்கிறார்கள். இவர் மட்டும் போக மாட்டேன் என்று இங்கேயே இருந்து, விடுதியை அப்பாவின் பட்டாளம் மாதிரி நடத்திக்கொண்டிருந்தார். விடுதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி பூரா தூங்காமல் உட்கார்ந்திருப்பார். விதி என்றால் விதி, அதில் பேச்சே கிடையாது.

“பேராசிரியரே, ஒடனே வாங்க. ஒங்க புள்ளைங்க உள்ள வரமாட்டேங்குதுங்க.”

“என்ன மதாம், என்ன ஆச்சு?”

“பெல் அடிச்சேன். ஒண்ணுகூட வரல. எல்லாம் திரும்பவும் மண்டபத்துக்கே போயி கோச்சிங் கிளாஸ்ல உக்காந்துடுச்சுங்க. கேட்டா, முதல்வர் ஐயா தீர்ப்புச் சொல்லிட்டாருங்கிறாளுவோ!”

படிக்கட்டிலிருந்து காலை எடுத்தேன். கண்டக்டர், “ஏறுறீங்களா இல்லையாம்மா?” என்றார். “இல்லப்பா, எனக்குப் போராட்டம் இருக்கு” என்றேன். அவர் நான் ஏதோ யூனியன் என்று நினைத்திருப்பார்.

போய்ப் பார்த்தால், மதாம் சொல்லிப் பயிற்சி வகுப்பை நிறுத்திவிட்டிருந்தார்கள். வாத்தியார் சாக்பீஸோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். விடுதிப் பெண்கள் மண்டபத்து வாசலில், விளக்கு வெளிச்சத்தில் தரையில் வரிசையாக உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். கோஷம் இல்லை, பாட்டு இல்லை. யார் என்ன கேட்டாலும் பேசக் கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள் போல. நான் சொன்ன சாப்பாட்டுக் கடைக் கதைதான். அமெரிக்கப் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வருவதற்குப் போராடினார்கள் என்றால், இந்தப் பிள்ளைகள் வகுப்புக்கு உள்ளே போவதற்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஹிப்பிகள் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

முதல்வர் வந்து இறங்கினார். ஏதோ கோயில் மேடைக்குக் கிளம்பியவர், பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். முகம் வெளுத்திருந்தது.

“என்னம்மா இது? பட்டிமன்றத்துல சொன்னத எல்லாம் எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல உக்காருவாங்களா?”

“தீர்ப்பு ஒங்களுதுதானே ஐயா.”

“மேடை வேற, நிர்வாகம் வேறம்மா! போன வாரம் காக்கா ஒசத்தியா குருவி ஒசத்தியான்னு காக்காவுக்குத் தீர்ப்புச் சொன்னேன். அதுக்காகக் காக்காவ வீட்ல வச்சு வளக்கவா முடியும்?” குரலைத் தணித்தார். “காலேஜ் செயலாளர் காதுக்குப் போச்சுன்னா என் வேலை போயிடும். யாரு தலைவின்னு சொல்லுங்க. ஒருத்தியக் கூப்பிட்டுக் கண்டிச்சா மத்ததுங்க எந்திரிச்சுடும்.”

இப்போது கவனியுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். யார் தலைவி என்று மேலதிகாரி கேட்பார். குரலில் அக்கறை இருக்கும், உங்களுக்கும் வீட்டுக்குப் போக நேரமாகியிருக்கும். ஒரு பெயரைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பெயர் யாருடைய கல்யாணமாக முடியும் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

“ஐயா, தலைவர் இல்லாத இயக்கம்னு கைடுலயே போட்டிருக்கு” என்றேன்.

அவர் என்னை முறைத்தார். மதாம் பக்கத்திலிருந்து, “தலைவி யாருன்னு நான் கேக்கல, எனக்குத் தெரியும். மேடையில பேசுன புள்ளதான். அவ மாமனுக்கு அப்பவே போன் போட்டுட்டேன். விடிஞ்சதும் வர்றாரு” என்றார்.

பவானிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். அப்புறம் மறுபடியும் குனிந்துகொண்டாள். ஆனால் பக்கத்தைத் திருப்பவில்லை. “இன்னிக்கு உள்ள போங்கம்மா, நாளைக்குப் பேசிக்கலாம்” என்று நான்தான் கெஞ்சினேன். என் முகத்துக்காக எழுந்து போனார்கள். பூட்டு விழுந்தது.

மறுநாள் காலை முதல்வர் அறை. மாமா வந்திருந்தார். நான் ஒரு மீசைக்காரரை எதிர்பார்த்தேன். வந்தவர் ஒல்லியாக, கூச்சமாக, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். “வணக்கங்க” என்று ஒவ்வொருவருக்கும் எழுந்து எழுந்து கும்பிட்டார். அவரைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை, அது எனக்கு இன்னும் சிரமமாக இருந்தது. பவானி சுவரோரமாக நின்றாள். அவள் பெட்டியை மதாம் கொண்டுவந்து வாசலில் வைத்திருந்தார்.

“புள்ள என்னங்க தப்பு பண்ணுச்சு?” என்று மாமா கேட்டார்.

முதல்வர் தொண்டையைச் செருமினார். மைக் இல்லை. “அது வந்து... நேரம் ஆன பிறகு... வகுப்புக்குப் போயிடுச்சு.”

“வகுப்புக்கா?”

“அனுமதி இல்லாம.”

மாமா மதாமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “காலேஜுக்குள்ளதானுங்களே வகுப்பு?”

“காலேஜுக்குள்ளதான். ஆனா ஆறு மணிக்கு மேல” என்றார் மதாம். “அப்பறம் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்துடுச்சு.”

மாமா கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைத் தடவிக்கொண்டிருந்தார். “நான் கட்டிக்கப் போற பொண்ணுங்க. வாசல்ல உக்காந்துச்சு, அது பண்ணுச்சு இது பண்ணுச்சுன்னு ஊருல பேச்சு வந்துடும். இனிமே அங்க இங்க போவாது, ஒழுங்கா இருக்கும்னு யாராவது பொறுப்பு ஏத்துக்கிட்டா சொல்லுங்க. இல்லாட்டி நான் கூட்டிட்டுப் போயிடுறேன். யாருங்க பொறுப்பு?”

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதல்வர் கண்ணாலேயே கெஞ்சினார். ஒரு வார்த்தை போதும். ‘நான் பொறுப்பு. என் பொண்ணு மாதிரி பாத்துக்கிறேன்.’ மாமா போய்விடுவார், பெட்டி உள்ளே போய்விடும், படிப்பு பிழைத்துவிடும். வாயைத் திறந்துவிட்டேன். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

பவானி என்னைப் பார்த்தாள். நன்றியோ கெஞ்சலோ அந்தப் பார்வையில் இல்லை. ‘நீங்களுமா?’ என்று கேட்டது அந்தப் பார்வை. அவள் அப்பாவின் அந்தக் காலி இடத்தில் உட்காரத்தான் நானும் புடவையைச் சரி செய்துகொண்டிருந்தேன். நல்ல எண்ணத்தோடுதான். மதாமும் நல்ல எண்ணத்தோடுதானே பூட்டினார்?

வாயை மூடிக்கொண்டேன். என் உத்தியோகத்தில் நான் எடுத்த கஷ்டமான முடிவு அதுதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பேராசிரியை பயந்துபோய் விழித்துக்கொண்டு நின்ற மாதிரிதான் இருந்திருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அவள் பேச மாட்டாளோ, பெட்டியோடு போய்விடுவாளோ என்று தவித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வந்தால் தைரியமாக முட்டாள் மாதிரி நில்லுங்கள்.

“நான்தான் பொறுப்பு மாமா” என்றாள் பவானி.

“நீ சின்னப் புள்ள.”

“ஓட்டுப் போட்டேன்ல? நீங்கதான பைக்ல கூட்டிட்டுப் போனீங்க? எனக்கு நான்தான் பொறுப்பு. தப்பு பண்ணா என்னைக் கேளுங்க. இவங்க யாரையும் கேக்க வேணாம்.”

“ஒங்கம்மாகிட்ட நான் என்னத்த போயிச் சொல்றது?”

“நானே சொல்றேன். இப்பவே சொல்றேன்.” மாமாவின் சட்டைப் பையைக் காட்டினாள். “போனக் குடுங்க.”

அவர் கொடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள். எங்கள் எல்லார் முன்னாலும் மேசையில் வைத்தாள். உப்பளத்துக் காற்று புஸ்ஸென்று அடித்தது. அதற்கு நடுவே அம்மாவின் குரல், பதறிப்போய்: “என்னாடி? ஒடம்புக்கு என்னா?”

“ஒடம்பு நல்லாருக்கும்மா. சாயங்காலம் பேங்க் பரீட்சைக்குக் கிளாஸ் நடக்குது. நான் போனேன். போவக் கூடாதுன்னாங்க. வாசல்ல உக்காந்துட்டேன். மாமா வந்திருக்காங்க, என்னைக் கூட்டிட்டுப் போறேங்கிறாங்க.”

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் வெறும் காற்று. முதல் நாள் மேடையில் அவ்வளவு பேசியவள், இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கிளாஸ் எங்க நடக்குது?”

“காலேஜுக்குள்ளதாம்மா.”

“முடிய எந்நேரமாவும்?”

“எட்டு மணி.”

மறுபடியும் காற்று. பிறகு, “அப்ப சோறு?”

“என்னாம்மா?”

“எட்டு மணிக்கு வந்தா ஒனக்குச் சோறு எடுத்து வப்பாங்களா? அதக் கேளு.”

மாமா போன் பக்கம் குனிந்தார். “அக்கா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளு, இங்க என்ன நடந்துச்சுன்னா...”

“நீ சித்த சும்மா இருடா. படிச்சுட்டுப் பசியோட வரும் புள்ள. சோறு எடுத்து வப்பாங்களா மாட்டாங்களா? மொதல்ல அதக் கேட்டுச் சொல்லு.”

விதி, கௌரவம், செயலாளர், ஊர்ப் பேச்சு என்று நாங்கள் சுமந்துகொண்டு வந்திருந்ததை எல்லாம் அந்த அம்மா ஓரமாகத் தள்ளிவிட்டாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் அந்த அறையில் ஒருவர்தான். எல்லாரும் மதாமைப் பார்த்தோம். முதல்வர்கூடப் பார்த்தார்.

மதாம் நிமிர்ந்து நின்றபடிதான் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார். பிறகு மேசைக்கு வந்து போனைப் பார்த்துக் குனிந்து, எதிரில் ஆளே நிற்பது மாதிரி சொன்னார்:

“எடுத்து வைக்கிறேம்மா. சூடு பண்ணியே குடுக்கிறேன். நீங்க கவலைப்படாதீங்க.”

“நல்லதுங்க” என்றாள் அம்மா. வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

அன்று மாலையிலிருந்து கேட் எட்டரைக்குப் பூட்டப்பட்டது. செயலாளரிடம் முதல்வர் அதைத் தன்னுடைய சீர்திருத்தம் என்று சொல்லிக்கொண்டார், சொல்லிக்கொள்ளட்டும். அதெல்லாம் அப்புறம். மாமா எழுந்தார். போனைப் பையில் போட்டார். வாசலில் இருந்த பெட்டியை ஒரு தடவை பார்த்தார், அதைத் தொடவில்லை. கதவு வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்.

“அந்தப் பரீட்சை ரொம்பக் கஷ்டமா?”

“கஷ்டந்தான் மாமா.”

“பாஸ் பண்ணிடுவியா?”

அவரைச் சமாதானப்படுத்த அவள் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“தெரியல மாமா” என்றாள் பவானி. “கிளாசுக்குப் போனாத்தான தெரியும்.”